ஈஸ்வரமூலிப் பொடியைத் தினமும் சாப்பிடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் மூலிகைப் பகுதியில் போன வாரம் ஈஸ்வரமூலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேரைக் காயவைத்து இடித்துச் சலித்து, தினம் ஒரு தேக்கரண்டி வெந்நீரில் போட்டு ஒரு மண்டலம் குடித்துவந்தால் மூட்டுவலி போகும், நாள்பட்ட காய்ச்சல் போகும், இயற்கையான பொருள் என்பதால் பக்கவிளைவும் இல்லை என்று முடித்திருந்தார் எழுதியவர். மற்ற வாரங்களில் கறிவேப்பிலைக்கும் தூதுவளைக்கும் இப்படி எழுதினால் நானும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். இதை அப்படி விட முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் உங்கள் பத்திரிகையை டீக்கடையில் வைத்து நாலு பேர் கூட்டாகப் படிப்பார்கள், படித்ததை வீட்டில் செய்தும் பார்ப்பார்கள், அதனால் நீங்கள் திருத்தம் போட்டே ஆக வேண்டும்.

முதலில் செடி எது என்று தெளிவாக்கிக்கொள்வோம். ஈஸ்வரமூலி, பெருமருந்துக்கொடி, கருடக்கொடி, தலைச்சுருளி என்று ஊருக்கு ஒரு பெயரில் சொல்வது எல்லாம் அரிஸ்டோலோக்கியா இண்டிகா என்ற ஒரே கொடியைத்தான். அதே பேரினத்தில் இன்னொன்று ஆடுதின்னாப்பாளை, சிலர் ஆடுதீண்டாப்பாளை என்பார்கள், அது அரிஸ்டோலோக்கியா பிராக்டியோலேட்டா. முன்னது பக்கத்தில் இருக்கும் செடியைச் சுற்றி ஏறும் கொடி, பின்னது ஏறாமல் தரையோடு படரும், சாம்பல் பூத்த மாதிரி வட்ட வட்டமான இலை, பூவின் அடியில் குட்டி இலை மாதிரி ஒரு செதில் இருக்கும். வயல் வரப்பு, காய்ந்த காலிமனை, ரயில் பாதை ஓரம் என்று இது எங்கும் வரும். எங்கள் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய மனைகளில் முன்பெல்லாம் நானே பார்த்திருக்கிறேன், இப்போது அங்கே கட்டட இடிபாடுகளைக் கொட்டி மூடிவிட்டார்கள்.

இந்தப் பேரினத்துக்கு லின்னேயஸ் 1753-லேயே இடம் கொடுத்துவிட்டார். உலகம் முழுக்க நானூறு, ஐந்நூறு இனங்கள் வரை கணக்கு சொல்கிறார்கள், கணக்கு ஏன் முன்பின்னாக இருக்கிறது என்றால் சிலர் இதிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து ஐசோட்ரீமா என்று தனிப் பேரினமாக வைக்கிறார்கள். நான் பிள்ளைகளுக்கு நடத்திய பெந்தம்-ஹூக்கர் என்ற பழைய வகைப்பாட்டு முறையில் இந்தப் பேரினம் சேர்ந்த குடும்பம் மோனோக்ளாமைடியேயில் வரும், அதாவது அல்லி வட்டம், புல்லி வட்டம் என்று பிரியாமல் ஒரே உறையாகப் பூ இருப்பவை. 1998-ல் வெளிவந்த, பூக்கும் தாவரங்களுக்கான ஏ.பி.ஜி. வகைப்பாடு மரபணுவையும் சேர்த்துப் பார்த்து இதை எடுத்துப் பைப்பரேல்ஸ் என்ற துறையில் வைத்தது. மிளகு, வெற்றிலை, திப்பிலி எல்லாம் இருக்கும் துறை அது. வெற்றிலைக்குச் சொந்தமா இது என்று வகுப்பில் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள், சொந்தம்தான், ஆனால் அதனாலேயே வாயில் போடலாம் என்று ஆகிவிடாது.

இதன் பூவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. ஒரே குழல், அடியில் உப்பி, நடுவில் குறுகி வளைந்து, மேலே ஒரு பக்கமாக நாக்கு நீட்டியிருக்கும். சின்ன ஈக்களுக்குப் பிடித்த வாடை வரும். ஈ உள்ளே போனால் குழலுக்குள் இருக்கும் முடிகள் எல்லாம் உள்பக்கம் பார்த்து நிற்பதால் வெளியே வர முடியாது. பூ திறந்த முதல் நாள் சூல்முடி மட்டும்தான் தயாராக இருக்கும், வேறு பூவிலிருந்து அந்த ஈ தூக்கி வந்த மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம்தான் மகரந்தப்பை வெடித்து ஈயின் மேல் புதுத் தூள் கொட்டும், முடிகளும் வாடித் தொங்கும், ஈ வெளியே வந்து அடுத்த பூவில் போய் மாட்டிக்கொள்ளும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்க இந்தச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. காயும் வேடிக்கையானது, பழுத்துக் காய்ந்ததும் அடியிலிருந்து ஆறாகப் பிளந்து, காம்பும் இழை இழையாகப் பிரிந்து, சமையலறையில் முன்பு தொங்கவிட்ட உறியைப் போல ஆடிக்கொண்டிருக்கும், உள்ளே அடுக்கி வைத்த தட்டை விதைகள் காற்றில் ஒவ்வொன்றாகப் போகும். இந்த அழகைப் பற்றி உங்கள் பகுதியில் ஒரு வரி கூட இல்லை, அது போகட்டும்.

மருந்துக்கு வருவோம். நம் நாட்டில் மட்டுமல்ல, பழைய கிரேக்கத்திலிருந்து சீனம், அமெரிக்கக் கண்டம் வரை இந்தப் பேரினத்தை மக்கள் ரொம்பக் காலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும். நம் பக்கம் ஆடுதின்னாப்பாளை இலைச்சாறு பூச்சி விழ, சொறி சிரங்குக்குத் தடவ, மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் பிழிந்து விட. ஈஸ்வரமூலி வேர் காய்ச்சலுக்கு, தேள்கடிக்கு, நின்ற மாதவிலக்கு வர. கல்கத்தாவில் 1970-களில் ஈஸ்வரமூலி வேர்ச் சத்தைக் கொடுத்துக் கர்ப்பம் தங்குகிறதா இல்லையா என்று விலங்குகளில் ஆராய்ச்சியே நடத்தினார்கள். ஆகவே இந்தக் கொடியில் சத்து இல்லை, பாட்டி வைத்தியம் எல்லாம் பொய் என்று நான் சொல்லவே இல்லை. சத்து இருக்கிறது, அதுதான் பிரச்சினையே.

அந்தச் சத்தின் பெயர் அரிஸ்டோலோக்கிக் அமிலம். ஈஸ்வரமூலியிலும் இருக்கிறது, ஆடுதின்னாப்பாளையிலும் இருக்கிறது. இது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பிடித்து, அங்கே இருக்கும் செல்களைக் கொன்று, அந்த இடம் தழும்பு கட்டிப் போகச் செய்கிறது. கூடவே செல்லின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு அடையாளம் பதிக்கிறது, அந்த அடையாளத்தைச் சாப்பிட்டுப் பல வருஷம் கழித்தும் நோயாளியின் திசுவில் எடுத்துக் காட்ட முடிகிறது. சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயில் புற்றுநோய் வருவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்தப் பேரினம் கலந்த மூலிகை மருந்துகளை 2002-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது, முதல் பிரிவு என்றால் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதி, புகையிலை இருக்கும் அதே பட்டியல்.

இது எப்படித் தெரியவந்தது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடம்பு இளைக்க வைக்கும் ஒரு கிளினிக் இருந்தது, 1990 முதல் அங்கே கொடுத்த மாத்திரையில் சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். 1992-ல் அந்த ஊர் மருத்துவர்களிடம் இளம்பெண்கள் வந்தார்கள், எந்தக் காரணமும் இல்லாமல் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்துகொண்டிருந்தது, விசாரித்தால் எல்லோரும் அதே கிளினிக். மறு வருஷம் லான்செட் மருத்துவ இதழில் இது வந்தது, பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. போட வேண்டியது ஃபாங் சி என்ற பெயரில் வரும் ஸ்டெஃபானியா வேர், நம் சீந்தில் கொடி குடும்பம். போட்டது அதே மாதிரிப் பெயர் கொண்ட அரிஸ்டோலோக்கியா வேர். காய்ந்து சீவல் போட்டுப் பொட்டலத்தில் வந்த பிறகு எது எது என்று யார் பார்த்தார்கள்! சிறுநீரகம் கெட்டுப்போன அந்தப் பெண்களில் 39 பேருக்கு, புற்று வந்துவிடும் என்ற பயத்தில் கெட்ட சிறுநீரகத்தையும் குழாயையும் முன்கூட்டியே எடுத்துப் பார்த்தார்கள், 18 பேருக்கு ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது. மொத்தமாக 200 கிராமுக்கு மேல் அந்த வேர்ப்பொடி உள்ளே போனவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் கணக்கிட்டார்கள்.

இப்போது உங்கள் கட்டுரையின் கணக்கைப் போடுங்கள். ஒரு தேக்கரண்டி நாலு, ஐந்து கிராம் என்று வைத்தால் 48 நாளில் எவ்வளவு? 200 கிராமை ஒட்டியோ தாண்டியோ வரும். அங்கே சாப்பிட்டது வேறு இனம், அமிலத்தின் அளவு இனத்துக்கு இனம் மாறும், ஆகவே நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, சரி. ஆனால் பக்கவிளைவு இல்லை என்று எழுதுகிற தைரியம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

நம் முன்னோர் காலங்காலமாகச் சாப்பிடவில்லையா என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள், எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். அதற்குப் பதில் டான்யூப் ஆற்றுப் பக்கம் இருக்கிறது. பல்கேரியா, ருமேனியா, செர்பியா, குரோவேஷியா, போஸ்னியா நாடுகளில் அந்த ஆற்றின் கிளைகளை ஒட்டிய சில கிராமங்களில் மட்டும் வீட்டுக்கு வீடு சிறுநீரக நோய், 1950-களில் மருத்துவ உலகம் அதைக் கவனித்தது. தண்ணீரா, கன உலோகமா, பூஞ்சையா, பரம்பரையா என்று அரை நூற்றாண்டு தேடினார்கள். கோதுமை வயலில் களையாக வளரும் அரிஸ்டோலோக்கியா கிளமேடிடிஸ் செடியின் விதை அறுவடையில் கலந்து ரொட்டி மாவில் சேர்கிறது என்று 1960-களின் கடைசியிலேயே ஒருவர் சந்தேகப்பட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2007-ல்தான் நோயாளிகளின் திசுவில் இந்த அமிலத்தின் அடையாளத்தைக் காட்டி நிரூபித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த ரொட்டியைத் தின்ற ஜனங்களுக்கு அது ரொட்டியால் வருகிறது என்று தெரியவே இல்லை, ஏனென்றால் இன்று தின்றால் நாளை வரும் நோய் இல்லை இது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் பத்து இருபது வருஷம் கழித்தும் வரும். வலிக்காது, காய்ச்சல் வராது, ரத்தசோகை மாதிரி களைப்பாக இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் எகிறியிருக்கும். அந்தக் காலத்தில் யார் கிரியேட்டினின் பார்த்தார்கள், யார் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்?

தைவானில் கதை இன்னும் பெரிது. அங்கே மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளிலேயே இது இருந்தது, 1997-க்கும் 2003-க்கும் நடுவில் மூன்றில் ஒருவருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2003-ல் தடை செய்தார்கள். மேல் சிறுநீர்க்குழாய்ப் புற்றுநோய் உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் அது ஒன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2001-ல் இதை வாங்காதீர்கள், சாப்பிடாதீர்கள் என்று பொதுமக்களை எச்சரித்தது. கஷாயமாகக் காய்ச்சிவிட்டால் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கஷாயம் குடித்தவர்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது.

பெயர்க் குழப்பம் பெல்ஜியத்தோடு போகிற விஷயமா? ஆடாதோடையை நம் ஜனங்கள் ஆடுதொடா என்கிறார்கள், சளிக்கும் இருமலுக்கும் கொடுக்கும் இலை அது, வேறு குடும்பம், புதர்ச்செடி. ஆடுதீண்டாப்பாளை என்பது நான் மேலே சொன்னது. இரண்டையும் ஆடு தொடாது, இரண்டும் கசப்பு, பொடியாகிவிட்டால் இரண்டும் பச்சை கலந்த பழுப்பு. நாட்டு மருந்துக் கடைகள் இருக்கும் ராசப்ப செட்டி தெருவில் கூட்டத்தில் நின்றுகொண்டு வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி ஐம்பது கிராம் பொட்டலம் வாங்குகிறவரை நினைத்துப் பாருங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் எதற்கு என்று கேட்டுக் கொடுப்பார், ஆன்லைனில் வாங்கும்போது கேட்க ஆள் இல்லை. அதே மாதிரி கருடக்கொடி என்றதும் கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டும் ஆகாச கருடன் கிழங்கு என்று நினைப்பவர்களும் உண்டு, அது பூசணிக் குடும்பம், இதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில்தான் தாவரவியல் பெயர் வேண்டும் என்கிறேன். மண்டையை உடைக்கும் லத்தீன் பெயர் எதற்கு என்று பிள்ளைகள் என்னைக் கேட்டபோதெல்லாம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன், உங்கள் மூலிகைப் பகுதி நடத்துபவருக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

பாம்புக்கடி விஷயம் தனி. கட்டுரையில் போகிற போக்கில் விஷக்கடிக்கும் நல்லது என்று ஒரு வரி. மழைக்காலத்தில் மணலி, எண்ணூர் பக்கம் வீட்டுக்குள் பாம்பு வருவது சாதாரணம், அதில் பாதி விஷமில்லாத சாரையும் தண்ணீர்ப்பாம்பும்தான், அது கடித்தவர் ஈஸ்வரமூலி குடித்தாலும் பிழைப்பார், சுக்குத் தண்ணீர் குடித்தாலும் பிழைப்பார், பெயர் மூலிகைக்குப் போய்விடும். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்தால் இந்த வேரை அரைப்பதில் வீணாகும் அரை மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். விஷமுறிவு ஊசி அரசு மருத்துவமனையில் இருக்கிறது, அதற்கு வேண்டிய பாம்பு விஷத்தை மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். பாரம்பரிய அறிவு வேண்டும் என்றால் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், நானே முதல் ஆளாகப் படிப்பேன்.

அப்படியானால் இந்தக் கொடியைக் கண்ட இடத்தில் பிடுங்கிப் போட வேண்டுமா? வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். கறுப்பு இறக்கையும் சிவப்பு உடம்புமாகச் சென்னையில் பறக்கிற இரண்டு வகைப் பெரிய பட்டாம்பூச்சிகளுக்கு இந்தப் பேரினத்தை விட்டால் புழுப் பருவத்தில் சாப்பாடு கிடையாது. நம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அதே அமிலத்தை அந்தப் புழு தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது, அதனால் பறவைகள் தொடுவதில்லை. மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் உங்கள் கறிவேப்பிலையை மொட்டையடிக்கும் புழு வேறொரு வகைப் பட்டாம்பூச்சி, அதற்கு இந்த விஷம் கிடையாது, ஆனால் அதில் பெண்களில் சில மட்டும் இந்த விஷக்காரியின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பறந்து தப்பித்துக்கொள்ளும். காலிமனை ஓரத்தில் ஆடுதின்னாப்பாளை இருந்தால் இருக்கட்டும். நர்சரியில் பெரிய பெரிய பூவோடு அழகுக்காக விற்கும் தென் அமெரிக்க அரிஸ்டோலோக்கியாவை இந்தப் பட்டாம்பூச்சிகளுக்காக என்று வாங்காதீர்கள், ஆஸ்திரேலியாவில் அப்படிப்பட்ட கொடியில் முட்டை வைத்து அந்த ஊர்ப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் செத்திருக்கின்றன.

சித்த வைத்தியத்துக்கு நான் எதிரி என்று யாராவது எழுதுவார்கள், எழுதட்டும். பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் நானும் போகிறவன்தான். அவர் நாடி பார்த்து, எதிரில் உட்காரவைத்து, அளவு சொல்லி, எப்போது நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிக் கொடுப்பது ஒன்று. முகம் தெரியாத ஒரு லட்சம் பேருக்கு, சர்க்கரை நோயாளியா, கர்ப்பிணியா, ஏற்கெனவே ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவரா என்று எதுவும் தெரியாமல், ஒரு மண்டலம் குடி என்று அச்சடிப்பது வேறு. எங்கள் பக்கம் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை பஸ் ஏறிப் போய் வருகிறவர்களைப் பார்க்கிறேன், ஒரு நாள் கூலி போய்விடும், கூடப் போகும் பெண்டாட்டியின் கூலியும் போய்விடும். அவர்களுக்கு எதனால் வந்தது என்பது வேறு விஷயம், புதிதாக ஒருவர் அந்த பஸ்ஸில் ஏற நாம் காரணமாக இருக்கக் கூடாது.

என் வேண்டுகோள் பெரிதில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், மூலையில் சின்ன எழுத்தில் இல்லாமல், அந்தக் கட்டுரை வந்த அளவிலேயே, ஈஸ்வரமூலியையோ ஆடுதின்னாப்பாளையையோ உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம் என்று போடுங்கள். போன வாரத்தைப் பார்த்து ஆரம்பித்தவர்கள் உடனே நிறுத்திவிடச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் இன்ன பொடி, இவ்வளவு நாள் என்று சொல்லி, ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்க்கட்டும், சிறுநீரையும் சோதிக்கட்டும். நிறுத்திய பிறகும் சிறுநீரகம் கெட்டுக்கொண்டே போவது இந்த நோயில் உண்டு, புற்றுநோய் பல வருஷம் கழித்தும் வரும், ஆகவே ஒரு தடவை நார்மல் என்று வந்துவிட்டது என விட்டுவிடாமல் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பப் பார்க்க வேண்டும், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். இனிமேல் மூலிகைப் பகுதியில் எந்தச் செடி வந்தாலும் தாவரவியல் பெயர், குடும்பம், பூவும் காயும் தெரிகிற படம், யார் சாப்பிடக் கூடாது என்ற வரி, இந்த நாலும் இல்லாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். படமும் பெயரும் சரிபார்த்துக் கொடுக்க ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், சம்பளம் வேண்டாம், கண்ணாடி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.